பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகும் முன்

தவக்காலத்தின் கடைசி வாரம் வந்தால் நம் கோயில்களில் வரிசை நீளும். குருத்து ஞாயிறுக்கும் பெரிய வியாழனுக்கும் நடுவில் ஒரு சாயங்காலம், மக்கள் தம் பாவங்களைச் சொல்லக் கேட்டு மன்னிப்பு வழங்க, பக்கத்துப் பங்குகளிலிருந்து இரண்டு மூன்று குருக்கள் வந்து உட்காருவார்கள். ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்ற சிறு கூண்டுக்குள், ஒருவர் பீடத்துக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு, ஒருவர் மாதா கெபிக்கு அருகில். ஆளுக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். இந்த அவசரத்தில் என்ன ஒப்புரவு நடந்துவிடப் போகிறது என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடம் போதும் என்பதே என் எண்ணம். அதற்கு முன் வீட்டில் நடக்க வேண்டியதும், அதற்குப் பின் ஊருக்குள் நடக்க வேண்டியதும் நடக்காமல் போவதுதான் கோளாறு. இந்தப் பதிவில் அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் இந்தச் சடங்குக்குத் திருச்சபை இன்று வழங்கும் பெயர் ஒப்புரவு அருட்சாதனம். பெரியவர்கள் வாயில் இன்னும் பாவசங்கீர்த்தனம்தான். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சங்கீர்த்தனம் என்றால் வாய்விட்டுச் சொல்வது. அது நாம் செய்கிற வேலையின் பெயர். ஒப்புரவு அதனால் நமக்குக் கிடைப்பதன் பெயர். தமிழுக்கும் இதற்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1578-ல் போர்த்துகீசிய சேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் என்ற மறைக்கல்விப் புத்தகம் கொல்லத்தில் அச்சானது. இரண்டே வருடம் கழித்து, 1580-ல், அதே அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்காக ‘கொம்பெசியொனாயரு’ என்ற கையேட்டை அச்சிட்டார். பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகம் அது. அச்சு ஏறிய முதல் சில தமிழ்ப் புத்தகங்களில் இது ஒன்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

நடைமுறைக்குள் போவதற்கு முன், மன்னிப்பு என்று நாம் நம்புவது எதை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இதில் கோணல் இருந்தால் மற்ற எல்லாமே கோணலாகும்.

மத்தேயு நற்செய்தி 18-ல் வரும் கடன்காரன் உவமையை எல்லோரும் கேட்டிருக்கிறோம்: அரசனுக்கு 10,000 தாலந்து கடன்பட்டு மன்னிக்கப்பட்ட பணியாள், தனக்கு 100 தெனாரியம் தர வேண்டிய உடன்வேலையாளை மன்னிக்காமல் சிறையில் போட்ட கதை. அதிலுள்ள தொகையை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையில் பேசிக்கொள்ளும் கூலி அதுதான். அப்படியானால் 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் 2 லட்சம் வருட உழைப்பு. அவனுக்கு உடன்வேலையாள் தர வேண்டியிருந்ததோ 100 தெனாரியம், அதாவது மூன்று நான்கு மாதச் சம்பளம். அதுவும் சின்னத் தொகை இல்லை. ஆனால் முதல் கடன் அதைப் போல 6 லட்சம் மடங்கு.

இதில் இன்னும் நுணுக்கமான ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பணியாள் அரசன் காலில் விழுந்து கேட்டது தவணை. “என்னைப் பொறுத்தருள்க, எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகிறேன்” என்கிறான். 2 லட்சம் வருடக் கடனை! அரசன் கொடுத்ததோ தள்ளுபடி. நம்மில் பெரும்பாலானோர் தொட்டிக்குள் தவணைதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். “இந்த ஒரு தடவை விட்டுடுங்க சாமி, அஞ்சு ஜெபமாலை சொல்லி அடைச்சுடறேன்” என்கிற மனநிலையோடு முழந்தாள் இடுகிறோம். அங்கே நமக்காக வைத்திருப்பது தள்ளுபடி என்பது மனதில் ஏறுவதே இல்லை.

கர்த்தர் கற்பித்த செபத்தில் கத்தோலிக்கர் “எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்” என்கிறோம். புராட்டஸ்டாண்டு சகோதரர்கள் “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்கிறார்கள். கடன் என்ற சொல் கிரேக்க மூலத்துக்கு நெருக்கம். ஆனால் ‘பொறுத்தல்’ என்ற தமிழ்ச் சொல்லுக்குள் வேறொரு செல்வம் இருக்கிறது. பொறுத்தல் என்றால் மன்னித்தல், சுமத்தலும் அதுவே. பொறை என்றால் பொறுமை, பாரம் என்று இரண்டு பொருளும் உண்டு. எபிரேயத்திலும் அப்படியே. ‘நாசா’ என்ற வினைக்குத் தூக்கு, சும, மன்னி என்று பொருள். லேவியர் 16-ல் தலைமைக் குரு உயிருள்ள ஆட்டின் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து மக்களின் குற்றங்களை எல்லாம் அறிக்கையிடுவார். அந்த ஆடு அவற்றைச் சுமந்துகொண்டு பாலைநிலத்துக்குப் போகும். அங்கே வரும் வினை ‘நாசா’. எசாயா 53-ன் கடைசி வசனத்தில் துன்புறும் ஊழியர் பலருடைய பாவத்தைச் சுமந்தார் என்கிற இடத்திலும் அதே வினை. மன்னிப்பு என்பது பாவத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று நினைத்தால் சிலுவைக்கு அங்கே வேலையே இல்லை. யாரோ ஒருவர் பாரத்தைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டதால்தான் நம் தோள் இறங்கியது.

மீட்பு என்ற சொல்லும் இப்படித்தான். அடகுக் கடையில் இருக்கும் நகையை மீட்பதை நம் வீடுகளில் எல்லோரும் அறிவோம். லேவியர் 25-ன்படி ஒருவன் வறுமையால் நிலத்தை விற்றுவிட்டால் அதை மீட்கும் கடமை நெருங்கிய உறவினனுக்கு. வழியில் போகிற யாரும் வந்து மீட்டுவிட முடியாது. இரத்த உறவு வேண்டும். கடவுள் மனிதராகப் பிறந்தார் என்ற நம்பிக்கைக்கும் மீட்பு என்ற நம்பிக்கைக்கும் உள்ள முடிச்சு இதுதான். நம்மை மீட்க வந்தவர் முதலில் நமக்கு உறவினர் ஆனார்.

இனி நடைமுறை. மறைக்கல்வியில் ஐந்து காரியங்கள் சொல்லிக்கொடுப்பார்கள்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அவற்றுக்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்வது, குருவிடம் சொல்வது, அவர் விதிக்கும் அபராதத்தை, அதாவது செபம் போன்ற பரிகாரத்தை, நிறைவேற்றுவது. ஐந்தில் நான்காவது மட்டும்தான் வரிசையில் நின்று செய்வது.

ஆன்ம சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் அது கோயில் வரிசையில் நிற்கும் கால் மணி நேரமாக இருக்கக் கூடாது. முந்தின இரவு வீட்டில் உட்கார்ந்து பத்துக் கட்டளைகளை ஒன்றொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல் உங்கள் பொறுப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்: கணவனாக, மருமகளாக, கடை முதலாளியாக, வாத்தியாராக. கட்டளைகளை மட்டும் பார்த்தால் செய்த தப்பு தெரியும். செய்யாமல் விட்டவை பொறுப்புகளைப் பார்த்தால்தான் தெரியும். வயசான அப்பாவுக்கு ஆறு மாதமாக ஒரு போன்கூடப் போடாதது எந்தக் கட்டளைக்குக் கீழ் வரும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள். தாளில் குறித்து எடுத்துப் போவதில் தவறே இல்லை. முடிந்ததும் கிழித்துப் போடுங்கள்.

சாவான பாவம் எது என்பதில் பலருக்குக் குழப்பம். மூன்றும் சேர வேண்டும்: விஷயம் பாரதூரமானதாக இருக்க வேண்டும், அது அப்படிப்பட்டது என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், மனமாரச் சம்மதித்துச் செய்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. சாவான பாவங்களைத்தான் வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிடும் கடமை உண்டு. திருச்சபைச் சட்டம் 988 சொல்வது அதுதான். அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது, கட்டாயம் இல்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது என்ற விதி 1215-ல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கத்தில் வந்தது. இன்றும் சட்டம் 989-ல் இருக்கிறது.

வகை என்றால் என்ன? “திருடினேன்” என்பதும் “கோயில் பணத்தைத் திருடினேன்” என்பதும் ஒன்றில்லை. “பொய் சொன்னேன்” என்பதும் “நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பொய் சொன்னேன்” என்பதும் ஒன்றில்லை. பாவத்தின் தன்மையை மாற்றுகிற சூழ்நிலையைச் சொல்ல வேண்டும். கதை வேண்டாம். யாருடன், எந்த ஊரில், அன்றைக்கு மழையா வெயிலா என்பதெல்லாம் குருவுக்குத் தேவையில்லை. மற்றவர் பெயரை எடுக்கவே கூடாது. தொட்டிக்குள் நேரத்தைத் தின்பது நம்முடைய பாவம் அல்ல, மாமியாருடைய பாவம். “அவங்க அப்படிப் பேசினதாலதான் ஃபாதர்...” என்று ஆரம்பித்தால் அது பாவசங்கீர்த்தனம் ஆகாது, பிராது ஆகிவிடும். எண்ணிக்கை நினைவில்லாவிட்டால் “வாரம் ஓரிரு தடவை, ஒரு வருடமாக” என்றால் போதும்.

எதையாவது மறந்துவிட்டால்? மன்னிப்பு செல்லும். அடுத்த முறை நினைவு வரும்போது சொல்லிவிடுங்கள். வெட்கத்தால் தெரிந்தே ஒரு சாவான பாவத்தை ஒளித்தால் கதை வேறு. அப்போது சொன்ன மற்றப் பாவங்களுக்கும் மன்னிப்பு இல்லை; அந்தச் சங்கீர்த்தனமே செல்லாது. வைத்தியரிடம் நான்கு நோயைச் சொல்லி உயிரைக் கொல்கிற ஐந்தாவதை மறைப்பது போல. வாய் வராவிட்டால் “ஃபாதர், ஒன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லுங்கள். அவர் கேள்வி கேட்டு வெளியே கொண்டுவந்துவிடுவார்.

ஐந்தில் மிக முக்கியமானது மனம் வருந்துவது. அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் சடங்குதான். பாவத்துக்காக வருந்திப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் என்ற செபத்தை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். “தேவரீர் அளவில்லாத சகல நன்மைச் சுரூபியாயிருக்கிறபடியினாலே” என்று அதன் தொடக்கத்திலேயே வருகிறது. வருத்தத்துக்குக் காரணமாக முதலில் வருவது நரகம் அல்ல, கடவுளின் நன்மை. அதனால்தான் அது உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்தோ பாவத்தின் அசிங்கத்தைக் கண்டு கூசியோ வருந்துவது நிறைவில்லாத மனஸ்தாபம். அதையும் கடவுள் தள்ளுவதில்லை, அருட்சாதனத்தோடு சேர்ந்தால் அதுவும் போதும். “பிடிபட்டுவிட்டேனே” என்ற வருத்தம் மட்டும் இரண்டிலும் சேராது.

அதே மந்திரத்தின் பின்பாதியில் “எனக்குப் பலன் போதாமையால்” என்று ஒரு சொற்றொடர் வருகிறது. அதைத் தொடர்ந்துதான் சேசுநாதர் சிந்தின திரு இரத்தப் பலன்களைப் பார்த்து என் பாவங்களைப் பொறுத்தருள வேண்டும் என்ற மன்றாட்டு. மீட்பைப் பற்றிய திருச்சபையின் போதனை முழுவதும் அந்த மூன்று சொற்களுக்குள் இருக்கிறது. என்னிடம் இருப்பு இல்லை. அவருடைய இருப்பிலிருந்து எடுக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் இதைத் தினமும் இரவு சொல்லிவிட்டுத்தான் படுத்தார்கள்.

“இனி ஒருபோதும் செய்வதில்லை” என்ற பிரதிக்கினை பலரைத் தடுக்கிறது. “மறுபடி விழுவேன் என்று எனக்கே தெரியும், பிறகு எப்படி வாக்குக் கொடுப்பது?” என்கிறார்கள். மறுபடி விழக்கூடும் என்ற அச்சம் வேறு, மறுபடி செய்வேன் என்ற முடிவு வேறு. முதலாவது இருந்தாலும் பிரதிக்கினை உண்மையானதே. அது உண்மையா என்று பார்க்க எளிய அடையாளம் உண்டு: சந்தர்ப்பத்தை விலக்கத் தயாரா? குடியை விடுகிறேன் என்பவர் சம்பள நாளன்று அந்தக் கடை இருக்கும் தெரு வழியாக வராமல் சுற்றி வருவாரா? செல்போனால் விழுகிறவர் இரவு அதைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுப்பாரா? இவை இல்லாத “இனிமேல் இல்லை” வெறும் வாய்ச்சொல்.

பிறகு குரு பாவமன்னிப்பு வாய்பாட்டைச் சொல்கிறார். நாம் பெரும்பாலும் அந்த நேரத்தில் மனஸ்தாப மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டு அதைக் காதில் வாங்குவதில்லை. பெரிய நட்டம். தந்தை தம் மகனின் இறப்பாலும் உயிர்ப்பாலும் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார், பாவமன்னிப்புக்காகத் தூய ஆவியைப் பொழிந்தார், திருச்சபையின் பணி வழியாக அவர் உனக்கு மன்னிப்பும் அமைதியும் தருவாராக என்று அது போகும். கடைசியில்தான் “உன் பாவங்களிலிருந்து நான் உன்னை விடுவிக்கிறேன்” என்ற பொருள்படும் சொற்கள். அந்த ‘நான்’ குருவின் சொந்த நான் இல்லை. உயிர்த்த அன்று மாலை சீடர்மேல் ஊதிப் பாவம் மன்னிக்கும் அதிகாரத்தைத் தந்தவருடைய ‘நான்’. குரு நல்லவரா, கோபக்காரரா, தூக்கக் கலக்கத்தில் இருந்தாரா என்பதால் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இங்கே வரை வந்தவர்கள் பெரும்பாலும் முடிந்தது என்று எழுந்து போகிறார்கள். ஈடு செய்வது அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதைப் பற்றிப் பிரசங்கங்களிலும் போதிய அளவு கேட்பதில்லை.

விவிலியத்தின் எண்ணிக்கை நூல் 5-லும் லேவியர் 6-லும் ஒரே சட்டம் வருகிறது: பிறர் பொருளை ஏமாற்றி எடுத்தவன் முதலைத் திருப்பித் தந்து, கூடவே ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். 10,000 எடுத்தவன் 12,000 தர வேண்டும். லேவியரில் ஆட்டுப் பலி அதற்குப் பிறகுதான். ஆட்டைத் திருடி விற்றுவிட்டவன் ஒன்றுக்கு நான்கு தர வேண்டும் என்பது விடுதலைப் பயணம் 22. லூக்கா 19-ல் வரிதண்டுபவரான சக்கேயு “நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன்” என்று சொன்னபோது, சட்டத்தின் கடுமையான அளவைத் தானாகவே தன்மேல் போட்டுக்கொண்டார். வரிசையைக் கவனியுங்கள். “உமது வீட்டில் தங்க வேண்டும்” என்று இயேசு சொன்னது முதலில். நான்கு மடங்கு அதற்குப் பின். திருப்பிக் கொடுத்து இரக்கத்தை வாங்கவில்லை. இரக்கம் வீட்டுக்குள் வந்ததும் கை தானாகத் திறந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால்தான் அபராதம் ஏதோ விலை போல ஆகிவிடுகிறது.

இன்றைக்கு ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு நம்மைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது இது: எடுத்த பொருள் இருந்தால் அந்தப் பொருளையே கொடு, இல்லையேல் மதிப்பைக் கொடு, நீ எடுத்ததால் உரியவருக்கு வந்த நட்டத்தையும் சேர்த்துக் கொடு. உரியவர் இறந்துவிட்டால் வாரிசுக்கு. உண்மையாகவே தேடியும் ஆள் தெரியவில்லை என்றால்தான் ஏழைகளுக்கு. இங்கே நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. சீட்டுப் பணத்தில் கை வைத்தவர், பங்காளியின் வரப்பை அரை அடி தள்ளிப் போட்டவர், வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தைப் பிடித்தவர், எல்லோரும் வேளாங்கண்ணிக்குப் போய் உண்டியலில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறார்கள். உரியவர் யார் என்று தெரிந்திருக்கும்போது உண்டியலில் போடுவது திருப்பிக் கொடுத்தல் ஆகாது. அது அந்தப் பெண்ணின் சம்பளத்தை எடுத்து மாதாவுக்குக் காணிக்கை வைப்பது. வேலை செய்தவரின் கூலியில் செய்யும் அநீதி வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று மறைக்கல்வி ஏட்டில் எண் 1867 சொல்கிறது.

வெளியே தெரிந்தால் மானம் போகும், குடும்பம் போகும் என்ற பயம் உண்மையானதுதான். உன் பெயரைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெயர் போடாமல் உறையில் வைத்துக் கொடுக்கலாம். குருவின் கையில் கொடுத்து, உரியவரிடம் சேர்க்கச் சொல்லலாம். தொட்டிக்கு வெளியே தனியாகப் போய் அந்த வேலையை ஒப்படைப்பது எளிது. ஒரே தவணையில் முடியாவிட்டால் மாதா மாதம். சுத்தமாகக் கையில் இல்லை என்றால், வரும்போது தருவேன் என்ற உண்மையான எண்ணம் இருந்தால் மன்னிப்பு தடைபடாது. கையில் வைத்துக்கொண்டே தர மாட்டேன் என்பவருக்குத்தான் குருவால் மன்னிப்புத் தர முடியாது. அங்கே மனஸ்தாபமே இல்லையே.

பணத்தைவிடக் கடினம் பெயரைத் திருப்பிக் கொடுப்பது. இரண்டு வகை உண்டு. இல்லாததைச் சொல்லிப் பழி போட்டிருந்தால், யார் யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே போய் “நான் சொன்னது பொய்” என்று சொல்ல வேண்டும். வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தால் அதே குழுவில் போட வேண்டும். அழித்துவிட்டால் மட்டும் போதாது, படித்தவர்கள் மனதிலிருந்து அது அழியவில்லை. உண்மையான குறையைக் காரணமில்லாமல் பரப்பியிருந்தால் சிக்கல் அதிகம். பொய் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் பொய் இல்லை. அந்த ஆளுடைய நல்ல குணங்களை அதே ஆட்களிடம் மனதாரப் பேசுவதுதான் வழி. முழுதாகத் திரும்பி வராது. முடிந்த அளவுக்குச் செய்யும் கடமை மட்டும் விடாது.

மத்தேயு 5-ல் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார் ஆண்டவர். இந்த வசனத்தைச் சிலர் தப்பாக எடுத்துப் பெண்களை வதைக்கிறார்கள். அடித்த கணவனை மன்னித்துவிட்டாய் அல்லவா, அப்படியானால் திரும்பிப் போ என்கிறார்கள். மன்னிப்பது என்றால் பழிவாங்கும் எண்ணத்தை விடுவது, அவர் மனம் திரும்ப வேண்டும் என்று விரும்புவது. நம்பிக்கையை அன்றே திருப்பிக் கொடுப்பது அதில் சேராது. தன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றக் காவல் நிலையத்துக்குப் போவது மன்னிப்புக்கு எதிரானது இல்லை. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். மன்னிப்புக்கு ஒருவர் போதும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நோய் இருக்கிறது. சிலர் மன்னிக்கப்பட்டோம் என்று நம்பவே மாட்டார்கள். சொன்னதையே மறுபடி மறுபடி சொல்வார்கள், சொன்ன விதம் சரியில்லையோ என்று வாசல்வரை போய்த் திரும்பி வருவார்கள். சேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல் ஸ்பெயினில் உள்ள மொன்செராட்டில் தம் வாழ்நாள் பாவங்களை எழுதி வைத்துக்கொண்டு மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதன் பிறகும் மன்ரேசாவில் இந்த வாதை அவரைப் பிடித்தது. மிகத் தெளிவாகத் தெரிகிற பாவத்தைத் தவிரப் பழையதைச் சொல்லாதே என்றார் குரு. இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தது! கடைசியில் பழையதை இனித் தொடுவதே இல்லை என்று முடிவெடுத்த பிறகே விடுதலை கிடைத்தது. இப்படி இருப்பவர்கள் ஒரே குருவை வைத்துக்கொள்ள வேண்டும், அவர் “போதும்” என்றால் கீழ்ப்படிய வேண்டும். கை கழுவுவதிலும் கதவு பூட்டுவதிலும் இதே தொல்லை இருந்தால் மனநல மருத்துவரிடமும் போங்கள். அது பாவம் இல்லை, நோய்.

இரகசியத்தைப் பற்றி இரண்டு வரி. குரு கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, சொல்லாமலே அதைப் பயன்படுத்தவும் கூடாது. திருச்சபைச் சட்டம் 983, 984 இரண்டும் சேர்ந்து சொல்வது அது. மொழி தெரியாத இடத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். அவரையும் அதே இரகசியம் கட்டும். நேரடியாக வெளியிடும் குருவுக்குத் தானாக விழும் திருச்சபை விலக்கு உண்டு, அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கே.

போனிலும் வீடியோ அழைப்பிலும் பாவசங்கீர்த்தனம் செல்லாது. 2020 மார்ச்சில் கோயில்கள் அடைபட்டபோது, குரு கிடைக்காதவர்கள் உத்தம மனஸ்தாபப்பட்டு, முடிந்த உடனே அருட்சாதனத்துக்குப் போவோம் என்று உறுதிகொண்டால் சாவான பாவமும் மன்னிக்கப்படும் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் நினைவூட்டினார். அது புதிய சலுகை இல்லை, மறைக்கல்வி ஏட்டில் எண் 1452 முன்பே சொன்னதுதான். குரு வருவதற்குள் உயிர் பிரியும் நிலையில் இருப்பவர் காதில் அந்த மனஸ்தாப மந்திரத்தை மெல்லச் சொல்வது நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, இருபது முப்பது வருடமாகத் தொட்டிப் பக்கம் போகாதவர்களுக்கு. புனித வாரக் கூட்டத்தில் போக வேண்டாம். சாதாரண வார நாளில், காலைப் பூசை முடிந்ததும் சாமியாரிடம் “கொஞ்சம் நேரம் வேணும், ரொம்ப வருஷம் ஆச்சு” என்று சொல்லுங்கள். சொந்தப் பங்கில் கூச்சமாக இருந்தால் வேறு ஊருக்குப் போங்கள்; எந்தக் குருவிடமும் செய்யலாம். உட்கார்ந்ததும் வருடத்தைச் சொல்லுங்கள், திருமணம் ஆனவரா என்பதைச் சொல்லுங்கள், “முறை மறந்துபோச்சு, நீங்களே கேளுங்க ஃபாதர்” என்று சொல்லுங்கள். மிகப் பெரியதை முதலில் சொல்லிவிடுங்கள். மற்றவை தானாக வரும். மனஸ்தாப மந்திரம் மறந்துபோயிருந்தால் அதற்காக ஒரு வாரம் தள்ளிப் போட வேண்டாம். “ஆண்டவராகிய இயேசுவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்” என்பதையும் திருச்சபையின் சடங்கு நூல் ஏற்றுக்கொள்கிறது. லூக்கா 18-ல் வரிதண்டுபவர் தூரத்தில் நின்றுகொண்டு சொன்னதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் கடவுளுக்கு ஏற்புடையவராகி வீடு திரும்பினார்.